சுப்பையா அண்ணன் ஓட்டினால் மட்டும் அணையும் விளக்கு

போன வாரம் எங்கள் பழைய கார்ப் பட்டறை ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் சண்டை வந்துவிட்டது. வழக்கமாக அதில் காலை வணக்கமும் ரோஜாப்பூவும்தான் வரும். அன்றைக்கு, இன்னும் வேலையில் இருக்கும் ஒருவர் காரைச் சோதிக்கும் ஸ்கேனரின் திரையைப் படம் பிடித்துப் போட்டு, "கம்ப்யூட்டர் நோ ஃபால்ட்டுன்னு சொல்லுது. கஸ்டமர் மட்டும் லைட்டு அணையுதுன்னு சாதிக்கிறாரு. ஃபால்ட்டு அவரு தலையிலதான்" என்று எழுதியிருந்தார். கீழே ஆறு சிரிக்கும் முகங்கள். எனக்குச் சுருக்கென்று வந்தது. கட்டைவிரலால் பதில் தட்ட ஆரம்பித்தேன். மூன்றாவது வரியிலேயே விரல் வலித்தது. அதோடு, அந்தச் சிரிக்கும் முகத்தை நானும் ஒரு காலத்தில் போட இருந்தவன்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். அது வாட்ஸ்அப்பில் அடங்காது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பெயர் வேலாயுதம். நாற்பத்து மூன்று வருடம் கார்களில் மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எஞ்சின் வேலை பார்ப்பவர்களுக்கு எங்களைக் கண்டால் கொஞ்சம் இளக்காரம். அவர்கள் கையில் கிரீஸ் இருக்கும், உடைந்த பாகத்தைத் தூக்கிக் காட்டி, "பாருங்க, இதுதான்" என்பார்கள். எங்களிடம் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. இரண்டு நாள் வண்டிக்குள் தலைகீழாகக் கிடந்துவிட்டு எழுந்து, "எர்த் லூஸா இருந்துச்சு" என்போம். வாடிக்கையாளர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்.

தேசிய சேவை முடித்த கையோடு, ஜாலான் புசாரில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருந்த அமீது பாயின் பட்டறையில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன், பல்பு மாற்றினேன், பிளக் வயரில் கை வைத்து ஷாக் வாங்கினேன். என் படிப்பு அவ்வளவுதான்.

அமீது பாய் நாகூர்ப் பக்கத்துக் குடும்பம், ஆனால் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பட்டறைக்கு வருவார். சாயங்காலம் போகும்போதும் அது வெள்ளையாகத்தான் இருக்கும். அவர் சத்தம் போட்டு ஒரு நாளும் நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிவிடும். "வேலு, அந்த ஃபியூஸ எடு" என்றால் எல்லாம் நலம். "வேலு, அந்த ஃபியூஸைக் கொஞ்சம் எடுக்கறீங்களா" என்றால் நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று அர்த்தம்.

அந்த மரியாதையை நான் முதன்முதலில் பெற்றது ஒரு டாக்சியால். பேட்டரி அடிக்கடி இறங்குகிறது என்று டாக்சிக்காரர் வந்தார். பாய் வெளியே போயிருந்தார். நானே டைனமோவைக் கழற்றி வேறு மாட்டினேன். மூன்றாம் நாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மறுபடியும் வேறொன்று மாட்டினேன். மறுபடியும் தள்ளிக்கொண்டு வந்தார். கடைசியில் பாய் குனிந்து, எஞ்சினிலிருந்து வண்டி உடம்புக்குப் போகும் எர்த் பட்டை வயரை விரலால் தட்டினார். துருப்பிடித்த போல்ட்டோடு அது கையில் வந்தது. "வேலு, உங்களுக்கு டைனமோ ரொம்பப் பிடிக்குமோ?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அவர் வழக்கத்தை நான் மீறியதில்லை. வந்து வந்து போகிற பழுதென்றால் முதலில் கருவிப் பெட்டியைத் திறக்கக் கூடாது, தாளை எடுக்க வேண்டும். அதில் பாய் தன் கையால் எழுதி நகலெடுத்து வைத்திருந்த பதினொரு கேள்விகள் இருக்கும். எந்தச் சாலை? ஏற்றமா, இறக்கமா? மழையா? அந்த நேரம் ஏர்கான் ஓடியதா, ரேடியோ பாடியதா? பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? எந்தக் கை எங்கே இருந்தது? இப்படிப் போய், கடைசிக் கேள்வி: பழுது வந்த தடவைக்கும் வராத தடவைக்கும் என்ன வித்தியாசம்? வாடிக்கையாளர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும். திருத்தக் கூடாது, சிரிக்கக் கூடாது. "இடது பக்கம் சிக்னல் போட்டா ரேடியோல பாட்டு நின்னு நின்னு வருது" என்று ஒருவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாய் அதை அப்படியே எழுதச் சொன்னார். போய்ப் பார்த்தால், ரேடியோவுக்கும் சிக்னலுக்கும் ஒரே இடத்தில் எர்த். அது கழன்று கிடந்தது.

தாளுக்கு அடுத்தது சாவிப் பலகை. அதற்கும் ஒரு கதை உண்டு. ஒரு அம்மா காரை விட்டுவிட்டுப் போனார். மறுநாள் அவர் வீட்டில் தங்கச் சங்கிலியைக் காணவில்லை. காரின் சாவியோடு வீட்டுச் சாவியும் ஒரே வளையத்தில் இருந்ததால், பட்டறையில்தான் யாரோ மாற்றுச் சாவி அடித்துவிட்டார்கள் என்று போலீசுக்குப் போய்விட்டார். இரண்டு அதிகாரிகள் வந்து எங்களை வரிசையாக நிறுத்தி விசாரித்தார்கள். அடுத்த வாரம் சங்கிலி அவர் வீட்டு அரிசி டப்பாவிலேயே கிடைத்தது. ஒளித்து வைத்தவர் அவரேதான். மன்னிப்புக் கேட்டு ஒரு டப்பா முறுக்கு கொண்டு வந்தார். முறுக்கை வாங்கிக்கொண்ட பாய், அன்றைக்கே ஒரு பலகையில் ஆணியடித்து மாட்டிவிட்டார். அன்று முதல் பட்டறையில் வாடிக்கையாளர் சாவிக்கொத்து தங்காது. வாசலிலேயே கார்ச் சாவியை மட்டும் கழற்றி, எண் போட்ட அட்டையோடு பலகையில் மாட்டிவிட்டு, மற்றதைக் கையோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இந்த விதியை முப்பது வருடம் ஒரு நாள் தவறாமல் கடைப்பிடித்தேன். அதில் எனக்குப் பெருமைகூட உண்டு.

பிறகு பட்டறை காக்கி புக்கிட்டுக்கு மாறியது. நான்கு மாடிக் கட்டடம், கார்கள் சுற்றிச் சுற்றி ஏறி வரும் இருட்டுப் பாதை, நாங்கள் மூன்றாம் மாடி. பலகையும் கூடவே வந்தது. கம்ப்யூட்டர் ஸ்கேனரும் வாங்கினோம். எழுபத்தைந்து வயது தாண்டியும் பாய் தினமும் வந்து, பாலும் சீனியும் இல்லாத தே ஓ கொசோங்கோடு கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பார். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் சுப்பையா அண்ணன் அங்கேதான் வந்தார்.

அண்ணனுக்கு எழுபத்து நான்கு வயது. செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டியவர். மனைவி இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் மாலதி பாசிர் ரிஸில் குடும்பத்தோடு இருந்தாள். வண்டி பதினேழு வயதான நீல நிற ஜப்பான் கார். பத்து வருடம் முடிந்ததும் எல்லாரும் ஸ்கிராப்புக்கு அனுப்புகிற ஊரில், அண்ணன் சிஓஇ என்கிற கார் உரிமத்தைப் பணம் கட்டிப் புதுப்பித்து அதையே வைத்திருந்தார். உள்ளே உட்கார்ந்தால் சாம்பிராணி மணம்.

அவர் சொன்னதைத் தாளில் அப்படியே எழுதினேன். "ஓட்டிக்கிட்டு இருக்கிறப்ப முன்னால லைட்டு, மீட்டர் லைட்டு, சிக்னலு எல்லாம் பொசுக்குன்னு போயிடுது தம்பி. ரெண்டு செகண்டு. எஞ்சின் ஓடிக்கிட்டுதான் இருக்கு. அப்புறம் தானா வந்துடுது." எந்தச் சாலை என்றால் எல்லாச் சாலையும். மழையா என்றால் மழையிலும் உண்டு, வெயிலிலும் உண்டு. பக்கத்தில் யார்? யாரும் இல்லை. இரண்டு தடவை பக்கத்து வீட்டுக்காரர் ஏறியிருக்கிறார், அப்போது அணையவில்லை. அதாவது சாட்சி இல்லாத பழுது.

எழுதி முடித்து, சாவியை வாங்கினேன். கையே ஒரு தரம் கீழே போய் வந்தது. அது கொத்து இல்லை, குலை. அண்ணன் ஒரு கோவிலில் தொண்டூழியர். அன்னதானப் பாத்திர அறை அவர் பொறுப்பில் இருந்தது. அதற்கு ஒன்று, அண்டா வைக்கும் அலமாரிக்கு ஒன்று, பழைய காலத்துப் பெரிய பூட்டுக்குப் பித்தளையில் விரல் நீளத்துக்கு ஒன்று. தன் வீட்டுக் கதவு, கேட், தபால் பெட்டி. சாவியை உள்ளே மறந்துவிட்டு வெளியே மாட்டிக்கொண்டால் உதவும் என்று பக்கத்து வீட்டு மூன்று குடும்பங்கள் கொடுத்து வைத்த சாவிகள். நடுவில் ஒரு பித்தளை வேல். அந்த வளையத்திலிருந்து கார்ச் சாவியைக் கழற்றுவதற்குள் என் நகம் பெயர்ந்தது. மனதுக்குள் நன்றாகத் திட்டிக்கொண்டே, சாவியைப் பலகையில் மாட்டிவிட்டுக் குலையைத் திருப்பிக் கொடுத்தேன்.

முதல் தடவை வண்டி இரண்டு நாள் இருந்தது. ஸ்கேனர் எதுவும் இல்லை என்றது. பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்தேன். எர்த் இருக்கும் இடத்தையெல்லாம் கழற்றித் தேய்த்து மாட்டினேன். விளக்குகளைப் போட்டுவிட்டு, ஸ்க்ரூட்ரைவர் கைப்பிடியால் ஒவ்வொரு ஃபியூஸையும் ரிலேயையும் தட்டினேன். வயர் கட்டை அடி அடியாகப் பிடித்து ஆட்டினேன். பாய் முறைப்படி, மீட்டரை வைத்து ஒவ்வொரு இணைப்பிலும் எவ்வளவு வோல்டேஜ் தொலைகிறது என்று அளந்து எழுதினேன். எல்லாம் ஒழுங்கு. விளக்கு கோவில் விளக்கு மாதிரி நின்று எரிந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போன அண்ணன் நான்காம் நாள் போன் செய்தார். "தம்பி, இன்னைக்குக் காலையில மறுபடியும்."

இரண்டாம் தடவை மூன்று நாள் வைத்துக்கொண்டேன். மழையில் வருமோ என்று குழாயால் தண்ணீர் அடித்தேன். சூட்டில் வருமோ என்று வீட்டிலிருந்து மனைவியின் முடி உலர்த்தியைக் கொண்டு போய் டேஷ்போர்டுக்குக் கீழே பிடித்தேன். அது புகைந்து செத்ததுதான் மிச்சம். அந்தக் கணக்கை வீட்டில் இன்னும் முடிக்கவில்லை. கட்டடத்தின் பாதையில் பத்து தடவை ஏறி இறங்கி, ஒவ்வொரு மேட்டிலும் வேண்டுமென்றே வேகமாக விட்டேன். என் இடுப்பு கழன்றது. விளக்கு அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து மாலதி போன் செய்தாள். "அங்கிள், நானே ஒன் வீக் ஸ்பேர் கீ வச்சு ஓட்டிப் பாத்துட்டேன், ஒரு தடவ கூட அணையல. அந்த வண்டில லைட் சுவிட்சும் சிக்னலும் ஒரே ஸ்டிக்லதான இருக்கு? அப்பா சிக்னல் போடறப்ப அவரே லைட்ட திருகி ஆஃப் பண்ணிடறாரு. அப்புறம் அவரே ஆன் பண்ணிட்டு மறந்துடறாரு. நெக்ஸ்ட் மன்த் லைசென்ஸுக்கு மெடிக்கல் செக்கப் வேற இருக்கு. எக்ஸ்பிரஸ்வேல ஏதாவது ஆச்சுன்னா? அம்மாவும் இல்ல அங்கிள், எனக்கு இருக்கிறது அப்பா மட்டும்தான்." அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. உண்மையைச் சொன்னால், என் மனதிலும் அதே எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வண்டியை எடுக்க வந்த அண்ணனைக் கீழே காப்பிக்கடைக்கு அழைத்துப் போனேன். தேத்தண்ணியைத் தொடாமல், சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். விளக்கு அணைந்த ஒவ்வொரு தடவையும் நாள், நேரம், இடம், தன் இரண்டு கைகளும் எங்கே இருந்தன என்று எழுதியிருந்தார். கடைசிப் பக்கங்களில் தேதிக்குப் பக்கத்தில் காலையில் என்ன சாப்பிட்டார் என்பதும் இருந்தது.

"இது எதுக்குண்ணே?" என்றேன்.

"ஞாபகம் இருக்கான்னு சாயந்திரம் நானே என்னைக் கேட்டுப் பாத்துக்குவேன்" என்றார். நோட்டை மூடிவிட்டு, "எங்க அண்ணன் கடைசியில அப்படித்தான் போனாரு தம்பி. என்னையே பாத்து, நீங்க யாருன்னு கேட்டாரு. எனக்கு வண்டி போனாப் போவுது. மாலதி சொல்ற மாதிரி நானேதான் அணைச்சுட்டு மறக்கிறேனான்னு தெரியணும். வண்டியில பழுது இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. ஆனா மொதல்ல எங்கிட்ட சொல்லுங்க. அவகிட்ட வேணாம்."

அதுவரை நான் தேடியது ஒரு லூஸ் வயரை. இந்த மனிதர் ராத்திரி தூங்குகிறாரா என்பதே இப்போது அதில் அடங்கியிருந்தது. மேலே போய்ப் பாயிடம், ஏதாவது ஒரு ரிலேயை மாற்றிவிட்டு, கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்லிவிடலாமா, அவர் மனசாவது நிம்மதியாக இருக்குமே என்று கேட்டேன்.

பாய் கோப்பையைக் கீழே வைத்தார். "செய்யுங்க. அப்புறம் எக்ஸ்பிரஸ்வேல லைட்டு போனா, அந்த ரிலேகிட்ட விசாரிச்சுக்குவோம்" என்றார். அந்த 'செய்யுங்க'வைக் கேட்டதும் நான் வெளியே வந்துவிட்டேன்.

மூன்றாம் தடவை அண்ணனும் மாலதியும் சேர்ந்தே வந்தார்கள், ஆளுக்கொரு காரில். அவர்களுக்குள் ஒரு உடன்படிக்கை ஆகியிருந்தது. இந்தத் தடவையும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் கார் ஸ்கிராப்புக்குப் போகும், அண்ணன் லைசென்ஸை விட்டுவிடுவார். இதை மாலதி சொல்லும்போது அண்ணன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி இரண்டு நாள் என்னிடம் இருந்தது. இரண்டாம் நாள் காலை அவர்களை வரச் சொல்லி, "அண்ணே, நீங்களே ஓட்டுங்க. நான் பக்கத்துல உட்காந்து பாக்கிறேன்" என்றேன். பலகையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன். மடியில் மீட்டர், கையில் டெஸ்ட் லேம்ப், காலுக்கடியில் நான்கு வயர். மாலதி பின்னால் உட்கார்ந்தாள்.

ஒன்றரை மணி நேரம் சுற்றினோம். அண்ணன் விளக்கைப் போட்டபடியே ஓட்டினார். மேடு, பள்ளம், மேம்பாலம் எதையும் விடவில்லை. "அணைஞ்சிடு, அணைஞ்சிடு" என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். கார் விளக்கு அணைய வேண்டும் என்று பிரார்த்தனை செய்த ஒரே எலெக்ட்ரீஷியன் நானாகத்தான் இருப்பேன். முருகன் காதில் விழவில்லை. விளக்கு எரிந்தது, எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. அண்ணனின் கைகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட அவை விளக்கு சுவிட்சைத் திருகி அணைக்கவில்லை. ஆனால் அது போதாதே.

பட்டறைக்குத் திரும்பியதும் மாலதி மெதுவாக, "அப்பா, ஓகே லா. வீ ட்ரைட்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அண்ணன் தலையாட்டினார். பாய் கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வந்து வாசலில் நின்றார்.

"வீட்டு வரைக்கும் நானே கடைசியா ஓட்டிட்டுப் போறேன்" என்றார் அண்ணன். மாலதி பின்னாலேயே தன் காரில் வருவதாகச் சொன்னாள். அண்ணன் பையிலிருந்து குலையை எடுத்தார். நான் நகம் பெயர்க்கிற அந்த வளையத்தை அவர் ஒரே திருகில் பிரித்து, கார்ச் சாவியைக் கோத்து, ஏறி உட்கார்ந்து, விளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

நான் அங்கேயே நின்று பின்விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறக்கம் தொடங்கும் இடத்தில் ஒரு மேடு உண்டு. வண்டி அதில் ஏறித் தடக்கென்று இறங்கியது. பின்விளக்கு இரண்டும் பொசுக்கென்று அணைந்தன. முன்னால் சுவரில் விழுந்திருந்த வெளிச்சமும் இல்லை.

"அண்ணே! அணைஞ்சிடுச்சு! அணைஞ்சிடுச்சு!" என்று கரடியாய்க் கத்திக்கொண்டு ஓடினேன். அறுபத்து மூன்று வயதில் அந்த இறக்கத்தில் ஓடியதில் ஒரு செருப்பு பக்கத்துப் பட்டறைக்குள் போய்விட்டது. பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர்கள் தீ பிடித்துவிட்டதென்று தீயணைப்புக் கருவியோடு வெளியே வந்தார்கள். அண்ணன் பிரேக் போட்டு நின்று, கண்ணாடியை இறக்கி, "நீங்களும் பாத்தீங்களா?" என்றார். "பாத்தேண்ணே." "நல்லாப் பாத்தீங்களா?" "ரெண்டு கண்ணாலயும் பாத்தேண்ணே." அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணை மூடிக்கொண்டார். அதற்குள் விளக்கு தானாக வந்துவிட்டது.

நான் மூச்சு வாங்கிக்கொண்டே கதவைத் திறந்து குனிந்தேன். பழுது வந்த தடவைக்கும் வராத தடவைக்கும் என்ன வித்தியாசம்? பத்து நிமிடத்துக்கு முன் இதே வண்டி, இதே ஆள், இதே மேடு. என் மூக்குக்கு நேராகப் பித்தளை வேல் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

குலையைப் பிடித்து லேசாகக் கீழே இழுத்தேன். விளக்கு போனது. விட்டேன். வந்தது. இழுத்தேன். போனது.

மாலதி ஓடி வந்து பக்கத்தில் நின்றாள். "நீயே இழுத்துப் பாரும்மா" என்றேன். அவள் இழுத்தாள். மீட்டர் விளக்கு, சிக்னல், எல்லாம் போனது, எஞ்சின் மட்டும் ஓடியது. ஏழெட்டுத் தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "சாரிப்பா, சாரிப்பா" என்றாள். பெயின்ட்காரர்கள் தீயணைப்புக் கருவியோடு ஒன்றும் புரியாமல் நின்றார்கள்.

விஷயம் இதுதான். சாவி திருப்பும் இடத்துக்குப் பின்னால் ஒரு சுவிட்ச் உண்டு. அதற்குள் இரண்டு தகடுகள். ஒன்று எஞ்சினுக்குக் கரன்ட் கொடுப்பது. இன்னொன்று அந்த வண்டியில் விளக்கு ரிலேக்கும் சிக்னலுக்கும் மீட்டருக்கும் கொடுப்பது. பதினேழு வருடமாக அன்னதான அறையும் அண்டா அலமாரியும் மூன்று பக்கத்து வீடுகளும் அதில் தொங்கி ஆடியதில், இரண்டாவது தகடு தேய்ந்து போயிருந்தது. குலை பலமாக ஆடினால் ஒரு மயிரிழை விலகும். ஆட்டம் நின்றால் ஒட்டிக்கொள்ளும். மாலதி ஓட்டியது ஸ்பேர் சாவியில். நான் ஓட்டியது பலகைச் சாவியில். அணையவே அணையாது.

மூன்று தடவை அந்தக் குலையைக் கையில் வாங்கி, திட்டி, பழுதைப் பத்திரமாகக் கழற்றி, வாசலிலேயே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். பிறகு உள்ளே போய் மனைவியின் முடி உலர்த்தியை எரித்திருக்கிறேன்.

மேலே வந்து பாயிடம் சொன்னேன். அவர் எழுந்து போய்ச் சாவிப் பலகைக்கு முன்னால் நெடுநேரம் நின்றார்.

"வேலு, இந்தப் பலகைய மாட்டுனது யாரு?"

"நீங்கதான் பாய்."

"நாங்கதானா?" என்று தனக்கே மரியாதை கொடுத்துக்கொண்டார். பிறகு தாளை எடுத்து, பதினோராவது கேள்விக்குக் கீழே தன் கையால் பன்னிரண்டாவதாக எழுதினார்: சாவியோடு என்னென்ன தொங்கியது?

மதியத்துக்குள் புதிய சுவிட்ச் வந்து, மாட்டியும் ஆயிற்று. குலையைப் பிடித்து நானே தொங்காத குறையாக இழுத்துப் பார்த்தேன். விளக்கு அசையவில்லை. இருந்தாலும் இனிமேல் கார்ச் சாவி தனியாகத்தான் இருக்க வேண்டும் என்றேன். அண்ணன் சம்மதிக்கவே இல்லை. "ஒண்ணா இருந்தாத்தான் எனக்கு எதுவும் தொலையாது" என்றார். மாலதி ஒரு பார்வை பார்த்ததும் குலையை இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டார். கால்சட்டை ஒரு பக்கமாக இறங்கியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே, "தம்பி, ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடுங்க" என்றார்.

வேலைத்தாளில் எழுதினேன்: பழுது வண்டியில். ஓட்டியவர் சொன்னது எல்லாம் சரி. பாய் கீழே கையெழுத்துப் போட்டு, பட்டறை முத்திரையையும் குத்தினார். அண்ணன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, நோட்டுக்குள் வைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இத்தனை நாளில் அன்றைக்குத்தான் நான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

அவரை வழியனுப்ப நானும் மாலதியும் கட்டடத்தின் வாசல் வரை இறங்கி வந்தோம். நீல வண்டி சாலையோரம் வந்து நின்றது. முன்விளக்கு பளிச்சென்று எரிந்தது. இடது பக்க சிக்னல் டிக் டிக்கென்று அழகாக விழுந்தது. அண்ணன் கண்ணாடி வழியே எங்களைப் பார்த்துக் கையாட்டினார். பிறகு, இடது சிக்னல் விழுந்துகொண்டே இருக்க, வண்டியை வலது பக்கம் திருப்பிக்கொண்டு போனார். பின்னால் வந்த லாரிக்காரர் நீளமாக ஹார்ன் அடித்தார்.

எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. முத்திரை குத்தி எழுதிக் கொடுத்து ஐந்து நிமிடம் ஆகவில்லை. ஓட்டியவர் சொன்னது எல்லாம் சரி! மாலதியை மெல்லத் திரும்பிப் பார்த்தேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதீங்க அங்கிள். நான் பிரைமரி ஒன் படிக்கிறப்பவே இப்படித்தான், அம்மா பக்கத்துல உட்காந்து கத்திக்கிட்டே வருவாங்க. இது மறதி இல்ல. இது எங்கப்பா."

சொல்லிவிட்டு, லாரிக்காரரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டபடியே தன் காரை நோக்கி ஓடினாள்.